‘வேற என்ன?’ என்று எல்லோரையும் கேட்டவருக்கு

இதயங்களைக் காத்த இனியவரே! எங்கள் பொறுமையைப் பொடிப்பொடியாக்கிய பெருந்தகையே! இதயப் பிரிவின் தலைமை மருத்துவரே! வணக்கம்.

உங்களைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். திட்டாமல் எப்படிப் பாராட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

பேரிடி விழுந்த மனத்தோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்களின் நோயை எங்களுக்குப் புரியவைத்தவர் நீங்கள். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்காது. அதிர்ச்சியில் பொங்கும் சுரப்புநீர் தாக்கி, இதயத்தின் நுனி செயலிழந்து பலூன்போல் உப்பி நிற்கும். மேற்பகுதியோ விடாமல் இறுக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் தசை தேறிவிடும். ஆள் தேறுவாரா என்பது கூடவே குடியிருக்கும் நோய்களையும் பொறுத்தது என்பீர்கள். மிகையாய்ச் சுரக்கும் தைராய்டு, மூச்சிழுப்பு, ஓயாத பதற்றம் என எதைக் கவனிக்காமல் விட்டாலும் வைத்தியம் பாதிதான். அதனால்தான் முப்பதாண்டுகளாய் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, "வேற என்னம்மா இருக்கு? மறைக்காம சொல்லு" என்று கேட்டீர்கள். ‘வேறென்ன டாக்டர்’ என்று பட்டப்பெயரும் வாங்கினீர்கள்.

அப்பேர்ப்பட்ட நீங்கள் செய்த காரியத்தை என்னவென்று சொல்ல! போன ஆண்டு, கணவரை இழந்த இரண்டாம் வாரமே வேலைக்கு வந்து, வார்டு நடுவே சுருண்டு விழுந்தீர்கள். ஸ்கேன் திரையில் அதே பலூன். மூத்த செவிலியர் உங்கள் கேள்வியையே உங்களிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன். போய் வேலையப் பாரு."

அந்தக் கல்லை நம்பி, துடிப்பைத் தணிக்கும் மருந்தை ஊசியில் நிரப்பி, போடத் தயாராகிவிட்டோம். நல்லவேளை, உங்கள் தங்கை பையும் கையுமாய் ஓடிவந்தார். "ஐயோ, அக்காவுக்கு இழுப்பு இருக்கே! தைராய்டு மாத்திரையையும் நிறுத்திட்டா. கேட்டா, எனக்கே வைத்தியம் சொல்றியான்னு சீறுறா!"

அந்த மருந்து உள்ளே போயிருந்தால் உங்கள் மூச்சுக்குழல் இறுகியிருக்கக்கூடும். ஊசியைப் பிடித்திருந்த செவிலியர் அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா, தாயே?

பிழைத்தீர்கள், அதுவும் எங்கள் மேல் எரிந்து விழுந்துகொண்டே பிழைத்தீர்கள். நேற்று மறுபரிசோதனைக்கு நாள் கேட்டால், "இதயந்தான் சரியாயிடுச்சே, ஆளை விடுங்கப்பா!" என்கிறீர்கள். எங்களுக்குப் பாடம் சொன்ன வாயா இது? தைராய்டு அப்படியேதான் இருக்கிறது. இழுப்பும் அப்படியேதான். அழாமல் அடக்கி வைத்த துக்கமும்.

நீடூழி வாழ்க என்று முடிப்பது முறை. வாழ்த்துக்குத் தைராய்டு அடங்காது என்று சொல்லிக்கொடுத்தவரும் நீங்கள்தான். ஆகவே திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனை, பிறகு மூச்சு மருத்துவர், அதன்பின் மனநல மருத்துவர். தங்கையிடம் பேசிவிட்டோம், தரதரவென்று இழுத்து வருவதாக வாக்களித்திருக்கிறார்.

வந்தால், சட்டமிட்ட இம்மடலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வராவிட்டால், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறோம்.

நீங்கள் நூறாண்டு வாழ்ந்தே தீரவேண்டுமென்று பிடிவாதமாய் நிற்கும்,
இதயப் பிரிவுப் பணியாளர்கள்