ஓசாகாவுக்குப் போகவிருந்த தலை

இதை எழுதலாமா என்று எத்தனையோ வருஷம் தயங்கினேன். பிறர் வீட்டுச் சண்டை, அதுவும் முருகன் மலையில் காதில் விழுந்தது. ஜப்பானோடு யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், ஆடிக் கிருத்திகை. திருத்தணியில் மொட்டை போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றார்கள். நாவிதர் கூப்பிட்டதும் அந்த மனிதர் கிராப்பைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“மொட்டைத் தலையோட போனா ஓசாகாவுல ஜப்பான்காரன் சிரிப்பான்.”

“இன்னாங்க பேச்சு இது? நீங்க ஜுரத்துல நெனவில்லாம கெடந்தப்போ உங்க முடிய நேர்ந்துகினுதானே உசுரக் கேட்டேன்!”

“மூணு கத்தரி பூமுடி குடுத்தா போதும். மொதலாளி நம்ம ரெண்டு பேரையும் கப்பல்ல கூட்டிகினு போறாரு. ஊரச் சுத்திப் பாக்கணும், போட்டோ புடிக்கணும். திரும்பி வந்து மொட்ட போட்டுக்கறேன்.”

“முருகன் உங்க உசுர மூணு கத்தரி அளவாவா குடுத்தாரு?”

“கத்தாத, ஜனங்க பாக்கறாங்க.”

“ஆங், பாக்கட்டும்!”

அந்த அம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டு நாவிதர் முன் உட்கார்ந்தாள். இடுப்பளவு முடி. எல்லாம் விழுந்த பிறகு எழுந்து புருஷனைப் பார்த்தாள்.

“இது உங்க முடிக்குப் பதில் இல்ல. உங்க நேர்த்தி அப்படியேதான் இருக்குது. இது உங்க கூட ஓசாகா வர்றதுக்கு. சிரிக்கறவன் மொதல்ல என்னப் பாத்து சிரிக்கட்டும்.”

அவர் சட்டையைக் கழற்றினார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த அம்மாள் அழவில்லை. அழுததாகச் சொல்லிவிடாதீர்கள்.