நார்க்கஞ்சாவை எரிக்க என் கையெழுத்தா?

பால் கறந்த கையோடு வந்து தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் நில்ஸ் ஹௌகன் அவர்களே! உருளைக்கிழங்கு வயலை விட்டு ஓடி வந்த பெரியவர்களே! பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! விஸ்கான்சின் மண்ணின் வியர்வைச் செல்வங்களே! ஊராட்சி எழுத்தர் ரைன்ஹோல்ட் க்ரான் வயிறு எரிந்து உங்கள் முன் நிற்கிறேன்!

கஞ்சா குடும்பத்தில் பிறந்ததுதான், கயிறு திரிக்க நார் தரும் நம் நார்க்கஞ்சா. புகைத்தால் போதை வருமா? இருமல்தான் வரும்! அங்கே யாரோ சிரிக்கிறீர்கள், அனுபவம் பேசுகிறது!

இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பலுக்குக் கயிறு இல்லை. விதையோடு ஓடி வந்தது யார்? அரசு! விளைத்துக் கொடுத்தது யார்? நாம்! நார் ஆலை உருளையில் இடது கையைப் பறிகொடுத்தது யார்? அதோ, மூன்றாம் வரிசையில் ஆன்ஸ்கர் ப்ரெக்கே! அன்று அவர் வீட்டுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. நேற்று போதைத் தடுப்பு ஆய்வாளர் வந்தார்!

வெட்டிய தண்டைப் பனியிலும் மழையிலும் கிடத்தித்தான் நாம் நாரைப் பிரிக்கிறோம். இலைகள் உதிரும்; சில ஒட்டிக்கொள்ளும். தண்டு ஆலைக்குப் போகலாமாம், அதில் ஒட்டிய இலை குற்றமாம்! ஆன்ஸ்கரின் மனைவி ஹுல்டா மூன்று நாள் மண்டியிட்டு இலை இலையாய்ப் பறித்தார். ஆய்வாளர் குவியலைக் கிளறி ஒரே ஓர் இலையைத் தூக்கிப் பிடித்தார். ஹுல்டா கேட்டார்:

"அய்யா, நாலு வாரம் மழைல ஊறுன சருகுங்க இது. இதுல என்ன போதை இருக்கு?"

"சட்டத்துக்கு சருகும் இலைதாம்மா. உரிமம் ரத்து. நாளைக் கழிச்சுக் கொளுத்திடுவோம்."

"விதைய நீங்கதானே குடுத்தீங்க?"

"அது போர்க்காலம்மா!"

அப்போது ஆன்ஸ்கர் எழுந்து ஆய்வாளர் முன்னால் போய் நின்றார். "போர்தான் முடிஞ்சிருச்சுல்ல? என் கையத் திருப்பிக் குடுங்க!"

ஏன் இந்தத் தடை? போதைச் செடி எது, கயிற்றுச் செடி எது என்று பிரித்துப் பார்க்கத் தலைநகருக்குச் சோம்பல்! அச்சத்தில் எழுதிய சட்டம், போர் அவசரத்தில் தளர்ந்த சட்டம், அவசரம் தீர்ந்ததும் நம் கழுத்தை இறுக்குகிறது!

கொளுத்தும் முன் ஊராட்சியின் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். 'போதைச் செடி, உரியவர் சம்மதத்துடன் அழிக்கப்பட்டது' என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். மாட்டேன்! வேலை போனாலும் மாட்டேன்! நான் மறுத்தால் அந்தத் தாள் தலைவரிடம் போகும். தலைவர் அவர்களே, உங்கள் வயலிலும் தண்டு கிடக்கிறது. இந்த மக்கள் முன்னால் சொல்லுங்கள், போடுவீர்களா?

"போடமாட்டேன்யா, ரைன்ஹோல்ட்! வேணும்னா என்னை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகட்டும்!"

கேட்டீர்களா மக்களே? நாளை அவர்கள் எரித்தாலும் எரிப்பார்கள். ஆனால் ஆன்ஸ்கரும் ஹுல்டாவும் சம்மதித்தார்கள் என்று எந்தத் தாளும் பொய் சொல்லாது! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்!