கவர் பிரிக்காத நட்டு

"ஹலோ... ஏங்க, கேக்குதா? ... மீட்டிங்கா? இருக்கட்டும். வெளியில வாங்க. ... வெளியில வாங்கன்னு சொல்றேன்ல!"

கார் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கோணலாக நின்றது. முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். முழங்கால் அறுவை முடிந்த மாமியாரைத் தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழி. இன்று போகிறோம் என்று காலையில் கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். இப்போது அவனைப் பெற்றவரை நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவனுக்குப் போன் போட்டிருந்தாள்.

"ஆமா... ஆமா, உங்க புது அலாய் வீல்தான். நேத்து நீங்களே மாட்டினீங்களே, அதேதான். ... பேலன்ஸும் இல்ல, மண்ணும் இல்ல. டக்கு டக்குன்னு சத்தம், ஸ்டியரிங் கையில நிக்கல. ... மெதுவா ஓட்டணுமா? நட்டு கழண்டிருக்குங்க, நட்டு! ... ஒண்ணு இல்ல, நாலும். விரலால திருப்பினாலே சுத்துது. ... கோடு விழுந்திருக்கான்னா? வீலே கழண்டு ஓடப் பாத்துச்சுங்கறேன், கோடு விழுந்திருக்கான்னு கேக்குறீங்க!"

மாமியார் பெஞ்சிலிருந்து என்ன என்று கையால் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவளும் கையாலேயே சொன்னாள்.

"... ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சு இறுக்கினீங்க, தெரியும். பாத்துக்கிட்டுதானே இருந்தேன். எதைப் போட்டு இறுக்கினீங்கன்னுதான் கேக்குறேன். இது பழைய வீல்ல இருந்த நட்டுதானே? ... ஆமாவா! ... மறை சரியா ஏறுச்சா? மறை ஏறினா போதுமா? ஒண்ணைக் கழட்டிக் கையில வச்சிருக்கேன். இதோட முனை உருண்டை. பழைய வீல்ல குழியும் உருண்டை, பொருந்திச்சு. இதுல குழி புனல் மாதிரி சரிவா இருக்கு. விரலை விட்டாலே தெரியுதே! உருண்டை அதுல எங்க உக்காரும்? சும்மா ஓரத்துல தொட்டுக்கிட்டு நிக்கும். வண்டி ஆட ஆட அதுவும் கழண்டுக்கும். ... சரி, வீலோட வந்த புது நட்டு எங்க? ... என்னது? ... டிக்கியிலயா?"

எழுந்து போய் டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றி, ஒரு பெட்டி. உள்ளே பதினாறு நட்டுகளும் பிளாஸ்டிக் கவருக்குள் பளபளவென்று படுத்துக்கிடந்தன. ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடப் பிரியவில்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டில் டிவி ரிமோட்டும் இப்படித்தான். எண்கள் அழிந்துபோன பிறகும் உறை மட்டும் அப்படியே இருக்கிறது. கவர் பிரிக்காத சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வாங்கிய கோப்பைகளை இதுவரை எந்த விருந்தாளியும் பார்த்ததில்லை.

"ஏங்க, இதை எதுக்குப் பொத்திப் பொத்தி வச்சீங்க? ... பளபளப்பு போயிடுமா? ... பழசே நல்லாத்தான் இருந்துச்சா? ... திருடிடுவானா! நல்லா இருக்குங்க. வீலை ரோட்டுல விட்டாச்சு, நட்டைத் துண்டுல சுத்தி வச்சாச்சு. உங்க மூளையையும் கவர் பிரிக்காமலேதான் வச்சிருக்கீங்க. அது எந்த விருந்தாளிக்கு? ... கத்தாம எப்படிப் பேசறது? எண்பதுல போயிட்டிருந்தா? பின்னாடி லாரி வந்திருந்தா? ... இல்ல, சொல்லுங்க. ... சொல்லுங்களேன்!"

பேசிக்கொண்டே கவரைப் பல்லால் கிழித்தாள். புது நட்டுகளை அள்ளி மாமியாரின் மடியில் கொட்டினாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜாக்கியைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

"... வேண்டாம், நீங்க வந்து கிழிக்க வேண்டாம். ஜாக்கி போட்டாச்சு. ... கையாலதான் முதல்ல ஏத்துறேன். ... தெரியும், எதிரெதிராத்தான் இறுக்கணும். ... இருங்க. ... ஆங், இப்ப பாருங்க, எப்படிப் போய் உக்காருதுன்னு! ஆட்டினா அசையல. ... இன்னும் மூணு வீல் இருக்கு. எல்லாத்தையும் மாத்திட்டு மெதுவா டயர் கடைக்குப் போறேன். குழி தேஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லட்டும். அப்புறம்தான் ஆஸ்பத்திரி."

முதல் சக்கரத்தை முடித்து ஜாக்கியை இறக்கினாள். வண்டி ஆடியபோது பின்சீட்டில் மாமியார் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்று மகன் இன்னும் கேட்கவே இல்லை. அதை ஒரு தரம் கேட்டுவிட்டால் பாதிக் கோபம் போய்விடும் என்று அவளுக்கே தோன்றியது.

"... ம். ... ம். சரி, விடுங்க. நானும் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். ... இல்ல, இப்ப கோவம் இல்ல. வேற ஏதாவது கேக்கணுமா? ... கேளுங்க. ... அட, தயங்காம கேளுங்க. ..."

"... கவரா?"

"... கிழிச்சுட்டேன். சுக்கு நூறா கிழிச்சுட்டேன்! ... பெட்டியா? பெட்டியை விடுங்க, வண்டியில உங்க அம்மா..."

அதற்கு மேல் சொல்லப் பிடிக்காமல் இணைப்பைத் துண்டித்தாள். மாமியார் மடியில் மிச்சமிருந்த நட்டுகளை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, மகன் என்ன கேட்டான் என்று விசாரித்தார்.

"உங்க கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு, அத்தை. அடுத்த நட்டைக் குடுங்க."