தூசி படாத பலகை

பழைய காரின் டேஷ்போர்டு மரத்தைக் கழற்றும்போது எல்லோரும் அவசரப்படுவார்கள். முன்னால் தெரிகிற திருகாணிகளை எடுத்துவிட்டுப் பலகையைப் பிடித்து இழுப்பார்கள். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் நட்டுகள் விடாது, மரம் பிளந்துகொள்ளும். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவிப் பார்த்துத்தான் கழற்றுவேன். நான் நிதானமான ஆள், ஐயா. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கார் அப்பாவுடையது. அவர் போன பிறகு என்னிடம் வந்தது. தம்பிக்கு வண்டி ஓட்ட வராது, அதனால் அவன் கேட்கவும் இல்லை.

டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு எதிரே பலகையில் ஒரு கீறல் உண்டு. தம்பி சின்ன வயதில் ஆணியால் வரைந்த சூரியன். ஒரு கோணல் வட்டம், அதைச் சுற்றி கோணல்மாணலாகக் கதிர்கள். அதைப் பார்த்ததும் அப்பா என்னைத்தான் அறைந்தார். யார் வேலை என்று பிறகு தெரிந்ததும், "என் ராசா போட்டதா!" என்று சிரித்துவிட்டார். வண்டியில் யார் ஏறினாலும் அந்தச் சூரியனைக் காட்டாமல் கிளம்ப மாட்டார். எனக்கு விழுந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் இல்லை நான்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் புரியும். பலகையின் மேல் ஒட்டியிருப்பது தாள் போல மெல்லிய மரத் தோல். முதலில் மருந்து தடவிப் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதைத் திறந்த வெளியில்தான் செய்வோம். மூடிய அறையில் அந்த ஆவி ஆளைச் சாய்த்துவிடும், டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அடுத்து உப்புத்தாள். கடைசியில் புது வார்னிஷ். அது மட்டும் அப்படியே தலைகீழ். ஈரம் காயும்வரை கதவைத் திறக்கவே கூடாது, தூசி விழுந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதற்கென்றே ஷெட்டுக்குப் பின்னால் சின்ன அறை ஒன்று வைத்திருக்கிறேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியது. காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க வெளியே ஒரு தாழ்ப்பாள்.

அன்று காலை தம்பி தன் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தான். பலகை கழன்று மேஜை மேல் கிடப்பதைக் கண்டதும் முகம் மாறியது.

"அண்ணா, அந்தச் சூரியனை மட்டும் விட்டுடேன்."

"பாலிஷ் போட்டா அசிங்கமா தெரியும்டா."

"தெரிஞ்சா தெரியட்டும். அப்பா ஞாபகமா எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"சரி, அப்ப நீயே உக்காந்து சுரண்டு. எந்த இடத்தை விடணும்னு நீயே பாத்துக்கோ."

முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது அவனுக்கு. பின்னறையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். மருந்தைத் தட்டில் தாராளமாக ஊற்றினேன். என் மாஸ்க் சுவரில் தொங்கியது. அதை அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

"கதவைச் சாத்திடறேன். தூசி வரும்."

"நீ சொன்னா சரிண்ணா."

சின்ன வயதிலிருந்தே என் மேல் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நான் வெளியே உட்கார்ந்து மீட்டரின் பித்தளை வளையத்தைத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினான். "அண்ணா, தலை சுத்துது, திற." "இருடா" என்றேன். பிறகு பலமாகத் தட்டினான். அப்புறம் "அண்ணா" என்பது மட்டும் கேட்டது, கதவின் அடிப்பக்கத்திலிருந்து. வளையத்தில் ஒரு கறை விடாப்பிடியாக இருந்தது. அது போகும்வரை துடைத்தேன்.

திறந்தபோது கதவோரம் சாய்ந்துகிடந்தான். பலகை மடியில் இருந்தது. விழும்போதும் அதற்கு அடிபடாமல் பிடித்திருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே. பலகையை வாங்கி மேஜையில் வைத்தேன். சூரியனை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் அழகாகச் சுரண்டியிருந்தான். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அவனே கதவைச் சாத்திக்கொண்டான் என்று அவன் மனைவியிடம் சொன்னேன். "இனிமே எங்களுக்கு நீங்கதான் மாமா" என்று அழுதாள். நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பார்த்தும் கொள்வேன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு சூரியனின் மேல் உப்புத்தாள் போட்டேன். கீறல் ஆழமாக இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க மரத் தோல் போய், அடிமரம் வெளுப்பாக, வட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. முன்பைவிடப் பெரிதாக. அப்பா இருந்திருந்தால் அதையும் காட்டிச் சிரித்திருப்பார்.

கதவின் உள்பக்கம் நகக்கீறல்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். நான் கவனிக்கவில்லை. எனக்குப் பலகையின் மேல்தான் கண்.

கதவை ஏன் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன், ஐயா. தூசி விழக் கூடாது என்றுதான் திறக்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது. வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆமாம். அன்று அந்த அறையில் புது வார்னிஷ் பூசிய பலகை ஒன்றுகூட இல்லை.