பெயிண்ட் கை

– இன்னும் நாலு அடி சீலிங்தான் பாக்கி. அதுக்குள்ள ஏணிய விட்டு எறங்கியாச்சா?

– தல சுத்துதுடி. இடது கையத் தூக்கி ரெண்டு தடவ பிரஷ்ஷ இழுத்தா வீடே சுத்துது. கை கல்லாக் கனக்குது.

– வேல செஞ்சா மட்டும் சுத்தும். டிவி முன்னால உக்காந்தா சுத்தாது. முப்பத்திரண்டு வருஷம் வார்டுல எத்தன நடிப்பப் பார்த்திருக்கேன்!

– வந்துட்டாங்க நர்ஸம்மா. ரிட்டயர் ஆகி ஏழு வருஷமாச்சு, அதிகாரம் மட்டும் ரிட்டயர் ஆகல.

– காலையிலதான பிரஷர் பார்த்தேன்? நூத்தி முப்பது, எண்பது. இரும்பு மாதிரி இருக்கீங்க.

– ஒரு மாசமாச் சொல்றேன். சீப்பு பட்டாலே நெத்திப்பொட்டு வலிக்குது. நாலு வாய் மெல்றதுக்குள்ள தாடை கடுக்குது.

– ஓகோ, என் சமையல்ல தாடை வேற வலிக்குதா? கை, தல, தாடை. நாளைக்கு என்ன, காதா?

– அந்தப் பிரஷர் மிஷின எடுத்துட்டு வா. இந்தக் கையில மாட்டு.

– அந்தக் கையிலயா? தோள் வரைக்கும் பெயிண்ட் அப்பிக் கெடக்கு. கட்டின நாள்லேர்ந்து அதச் சுத்தமா நான் பார்த்ததில்ல. என் மிஷின் பட்டை நாசமாப் போகும்.

– நான் இடது கைக்காரன். நாப்பது வருஷமா இந்த வீட்டுக்குச் சோறு போட்டது இதுதான். உன் பட்டைக்கு மட்டும் ஆகாதாக்கும்!

– சரி, போய்த் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. உங்க நடிப்ப நம்பராவே காட்டறேன்.

– இந்தா, கழுவியாச்சு.

– ஆடாம உக்காருங்க. ... இருங்க. மறுபடி பார்க்கறேன்.

– என்ன, நடிப்புக்கு எத்தன மார்க்கு?

– பேசாதீங்க. ... மேல் பிரஷரே எண்பதுதான் காட்டுது. மணிக்கட்டக் குடுங்க. நாடி கையில சிக்கவே மாட்டேங்குது.

– அப்படின்னா?

– தோள்கிட்ட ரத்தக்குழாய் அடைச்சிருக்குங்க. நீங்க தூக்கி வேல செஞ்சா, மூளைக்குப் போற ரத்தத்த இந்தக் கை இழுத்துக்குது. அதான் சுத்துது. பொட்டு வலி, தாடை வலி... குழாயெல்லாம் வீங்கியிருக்கும்போல. வயசானவங்களுக்கு எப்பவாவது வர்றது. வார்டுல ஒருத்தருக்குப் பார்த்திருக்கேன், கவனிக்காம விட்டுட்டாங்க, கண்ணே போயிடுச்சு. எந்திரிங்க, சட்டையப் போடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

– இரு. அப்ப தெனமும் நூத்தி முப்பதுன்னு பீத்திக்கிட்டியே, அது யாரோட பிரஷர்?

– உங்களோடதுதாங்க. சுத்தமா இருந்த கையோடது.