சார்ஜ் பலகையைக் கழற்ற வருகிறவர்களுக்கு

மாலை அணிந்தும் அணியாமலும் இந்த மேடையை நிறைத்திருக்கும் பெருமக்களே! நம் தெரு நலச் சங்கத்தின் தலைவரும், ஜெனரேட்டர் வைத்த திருமண மண்டபத்தின் உரிமையாளரும், எனக்குப் பேசச் செத்த நேரம் ஒதுக்கிய பெருந்தன்மையாளருமான திரு. உடையப்பன் அவர்களே! பேகம்பூரின் மூத்தவர்களே, பாய்மார்களே, மாதா கோயில் பங்குச் சகோதரர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, கைவிசிறியும் கையுமாய் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம், சலாம், ஸ்தோத்திரம்!

இந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் நம் தெருவில் எது வருகிறது, எது போகிறது என்று யாருக்காவது தெரியுமா? கரண்ட் போவது தெரியும். வருவது தெரியுமா? வந்தாலும் நிற்குமா? "நிக்காது சார்" என்கிறார் பின்வரிசையில் ஒரு தம்பி. நிற்காது தம்பி! ஆனால் நாம் நிற்கிறோம். எதனால் நிற்கிறோம்? தாஹிராவின் தையல் கடையில் போன் சார்ஜ் போடத் தொங்கும் அந்த ஒற்றைப் பலகையால் நிற்கிறோம்!

அந்தப் பலகையைத்தான் இன்று கழற்றச் சொல்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் தீர்மானம் வாசிப்பார்கள். கரண்ட் திருட்டாம்! எது திருட்டு? பழைய லாரி பேட்டரி தாஹிராவுடையது. இன்வெர்ட்டர் தாஹிராவுடையது. மீட்டர் தாஹிராவுடையது. கரண்ட் இருக்கும்போது பேட்டரி நிறைகிறது. இல்லாதபோது தெருவின் போன்கள் நிறைகின்றன. இதில் திருடியவர் யார்? திருட்டுப் போனது எது?

அடுத்த குற்றச்சாட்டு, போன் மாறிவிட்டதாம். ஆமாம், மாறியது! மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

நம் எல்லோர் கையிலும் இருப்பது டார்ச் வைத்த ஒரே மாதிரி போன். அடையாளத்துக்கு என்ன செய்கிறார் தாஹிரா? அவரவர் ரவிக்கை, சட்டை தைத்த மிச்சத் துணியில் ஒரு துண்டு கிழித்து அவரவர் போனில் கட்டிவிடுகிறார். உன் சட்டைத் துணி எதுவோ, அதுவே உன் போன். எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தோன்றும் இந்த யோசனை? ஆனால் பாருங்கள், சின்னாளபட்டிக்குச் சேர்ந்து போன மாயக்காளும் பெருமாயியும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில், ஒரே புள்ளியில், ஆளுக்கொரு சுங்குடிச் சேலை, ரவிக்கைத் துணியோடு எடுத்து வந்துவிட்டார்கள். இரண்டு ரவிக்கையும் தாஹிராதான் தைத்தார். பலகையில் இரண்டு போனுக்கும் ஒரே துணி!

சிரிக்கிறீர்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஆயக்குடிக் கொய்யா விற்பவர் மாயக்காள். அன்று காலை அவசரத்தில் பெருமாயியின் போனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கூடையை இறக்கியதும் மணி அடிக்கிறது. வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்ட பெருமாயியின் மகள், நிறைமாதக்காரி, அழுகிறாள். "எம்மா, வலி எடுத்துருச்சும்மா. அவுக லோடு ஏத்திட்டுப் போயிட்டாக. வீட்டுல ஒருத்தருமில்ல."

மாயக்காள் என்ன சொன்னார் தெரியுமா? "ஆத்தா, நான் ஒங்கம்மா இல்ல, மாயக்கா. போனு மாறிப் போச்சு. அழுகாத. வாசல்ல வந்து நில்லு, ஆட்டோவோட இந்தா வாரேன்."

கூடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் விட்டுவிட்டு, ஓடும் ஆட்டோவிலிருந்தே தன்னுடைய எண்ணுக்கு அடித்தார். இங்கே கடையில் எடுத்தது பெருமாயி. எடுத்ததுமே ஏச்சு. "ஏண்டி மாயக்கா, கண்ணு அவிஞ்சா போச்சு? எம்போனைத் தூக்கிட்டுப் போயிட்டியே!"

"வையிறத நேர்ல வந்து வையி. ஒம்மகளுக்கு வலி கண்டுருச்சு. கட்டுன சீலையோட பஸ் ஏறு!"

பெருமாயி ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. மகள் பிடித்திருந்த கை மாயக்காளின் கை! என்ன பெருமாயி அக்கா? "பேத்தி, பேத்தின்னு சொல்லுங்க சார்" என்கிறார். பேத்தி பிறந்தாள், கேட்டுக்கொள்ளுங்கள்!

இந்தக் கதையைச் சொல்லித்தான் தலைவர் பலகை ஆபத்து என்கிறார். நான் கேட்கிறேன்: பலகை இல்லாவிட்டால் போன் மாறியிருக்காது, சரி. இரண்டு போனும் செத்துக் கிடந்திருக்கும்! அந்தப் பெண் என்ன கேட்டிருப்பாள்? 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று பதிவு செய்த குரலைக் கேட்டிருப்பாள். வலியில் துடிப்பவளுக்கு அந்தக் குரலா ஆட்டோ கொண்டுவரும்?

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள் ஐயா! இன்று நான் உட்காருவதாக இல்லை.

பலகை வருவதற்கு முன் நாம் எங்கே நின்றோம்? சார்ஜ் போட இவருடைய ஜெனரேட்டர் மண்டபத்து வாசலில் நின்றோம். கையில் செத்த போன், முகத்தில் செயற்கைச் சிரிப்பு. இவர் கார் வந்தால் வணக்கம், போனால் வணக்கம். நானும் நின்றேன். இவர் மகனுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த நானும் நின்றேன்! வாட்ச்மேன் உள்ளே போய்த் திரும்பி வந்து சொன்னான்: "சாருன்னு யாரையும் தெரியாதாம்." நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. இன்று அந்த வாசலில் ஆள் இல்லை, வணக்கம் இல்லை. அதுதான் இவருக்கு வலிக்கிறது! பேட்டரியும் அல்ல, மீட்டரும் அல்ல, பெருமாயியின் மகளும் அல்ல!

தீர்மானம் வரும். கை தூக்கச் சொல்வார்கள். தூக்காதீர்கள்! மடியிலேயே கை இருக்கட்டும். அதையும் மீறி நிறைவேற்றினால், தாஹிராவை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். நாளைக் காலையில் பலகை என் வீட்டு வாசல் சுவரில் இருக்கும். கழற்ற வருகிறவர் பட்டப்பகலில் வரட்டும். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து வரட்டும். தொங்கும் ஒவ்வொரு போனையும் எடுத்து, உரியவரின் முகத்தைப் பார்த்து, "இனி உனக்கு இது கிடையாது" என்று சொல்லி, அவர் கையில் கொடுத்துவிட்டுக் கழற்றட்டும். முதல் போனைப் பெருமாயி அக்காவிடம் கொடுக்கட்டும். அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுவிட்டு, இரண்டாவது போனைத் தொட மனசு இருந்தால் தொடட்டும்!

புழுக்கத்தில் பொறுத்திருந்த உங்களுக்கும், மணி அடித்து ஓய்ந்துபோன தலைவருக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம்!