விருந்தாளி கொண்டுவந்த மீன்

— அந்த பாட்டிலை முதல்ல கீழ வைங்க. இந்த டேங்க்ல அது ஒரு சொட்டு விழக்கூடாது.

— மருந்துதான அம்மிணி? மீனுக்குன்னே விக்கறான். கடைக்காரனே எடுத்துக் குடுத்தான்.

— அதுல இருக்கறது காப்பர். மீன் பிழைச்சுக்கும், பவளம் மொத்தமும் போயிடும். நத்தை, இறால் எதுவும் மிஞ்சாது. நம்மகிட்ட பவளம் இருக்குன்னு அந்தக் கடைக்காரர்கிட்ட சொன்னீங்களா?

— இல்ல. அவன் கேக்கல.

— கேட்டாத்தான் சொல்லுவீங்களா?

— செரி, மீனை எல்லாம் வெளிய எடுத்துட்டு மருந்து குடுப்போம். அதாவது ஆகுமா?

— எடுங்க. இந்தாங்க வலை. காலையிலேர்ந்து நான் டிரை பண்ணிப் பார்த்தாச்சு. வலையைக் கண்டாலே எல்லாம் பாறைக்குள்ள பூந்துக்குது. பாறையைப் பேர்த்து வெளிய எடுத்தா பவளம் உடையும். அப்படியே பிடிச்சாலும் எங்க விடறது? பாத்ரூம்ல இருக்கறது சின்னத் தொட்டி. புதுசா வர்ற ஒரு மீன் தனியா இருக்கறதுக்குத்தான் அது. எல்லாத்தையும் அதுல போட்டா மூச்சு முட்டியே செத்துடும்.

— அந்தச் செகப்பு மீனு ஏன் எழில் அப்படி ஓரமாக் கெடக்குது? அதான், ஜோடியா சுத்துமே, கோமாளி மீனு.

— மூச்சு வாங்குது. செவுள் வரைக்கும் ஏறிடுச்சு. உடம்பு மேல பாருங்க, வெள்ளை வெள்ளையா, ரவையை அள்ளித் தூவின மாதிரி. நேத்து வால்ல மட்டும்தான் இருந்துது.

— அட சாமி. அது உன்ற கையில வந்து திங்குமே.

— திங்கும். இறாலைப் பொடிசா நறுக்கி விரல் நுனியில வச்சா, விரலை விடவே விடாது. மிஸ்டர் கிட்டுசாமி, பகல் முழுக்க இந்த அபார்ட்மென்ட்ல என்கூட யார் இருந்தான்னு நினைக்கறீங்க? வேலைக்குப் போக எனக்கு விசா கிடையாது. காரை நீங்க எடுத்துட்டுப் போயிடுவீங்க. இந்த இர்விங் ஊர்ல நடந்து போய்ப் பார்க்க எனக்கு யார் இருக்கா? இதுங்கதான் இருந்துது. இதுங்ககிட்டதான் பேசிட்டிருந்தேன்.

— நான் என்ன பண்ணட்டும், சொல்லு. எதுன்னாலும் பண்றேன்.

— அதான் இப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றேனே. பண்ண வேண்டியதை அன்னிக்குப் பண்ணியிருக்கணும். பாத்ரூம்ல தொட்டி ரெடியா இருந்துது. தண்ணி, ஹீட்டர், ஒளிஞ்சுக்க பைப் துண்டு எல்லாம் போட்டு வச்சிருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு மீனும் மாசக்கணக்கில அங்க தனியா இருந்து, வியாதி ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச அப்புறம்தான் ஹாலுக்கு வந்துது. பவளம் ஒட்டின கல்லைக்கூட நான் நேரா விட்டதில்ல. அந்தக் கல்லு வழியாவும் தொத்திக்கிட்டு வரும்னு தனியா வச்சுத்தான் எடுத்தேன்.

— ஒறம்பரை வந்து சோபாவுல உக்காந்துட்டாங்க. ஆசையாக் கவர்ல போட்டு மீனைக் கொண்டாந்து கையில குடுக்கறாங்க. அதை வாங்கிட்டுப் போயி கக்கூசுப் பக்கத்துல உட்டா, வந்தவங்க மனசு என்ன பாடுபடும்?

— நான் கண்ணைக் காட்டினேன்.

— பாத்தேன்.

— பார்த்துட்டுமா விட்டீங்க?

— பாத்துட்டுத்தான் உட்டேன். "நல்லாத் தெரியற எடமா உடுங்க தம்பி"ன்னு மயில்சாமி அண்ணன் சொல்றாரு. சாந்தி அக்கா கண்ணாடிகிட்டயே வந்து நின்னுட்டாங்க. "உங்க மீனுக்குச் சீக்கு இருந்தாலும் இருக்குமுங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதுவும் அவருகிட்ட? அவரு ஒரு வார்த்தை சொன்னா லாஸ் கொலீனாஸ்ல இருக்கற அவரு ஆபீசுல எனக்கு வேலை. எனக்கு வேலை போன அன்னிக்கே தெரிஞ்சு, "என்ற டீம்ல எடுத்துக்கறேன், நீங்க வெசனப்படாதீங்க"ன்னு அவராத்தான் வந்து சொன்னாரு. வேலை இல்லாம இந்த நாட்டுல நாம எத்தன நாளைக்கு இருக்க முடியும்? விசாவே வேலையோட ஒட்டிக்கிட்டு இருக்குது.

— தெரியும். அதனாலதான் அன்னிக்கு வாயைத் திறக்கல.

— ஏதாச்சும் ஒரு கம்பெனி மிச்சம் இருக்குதா பாரு, எல்லாத்துலயும் ஆளைக் கொறைக்கறான். கூட வேலை பாத்தவனெல்லாம் அபார்ட்மென்ட் சாவியக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான். எனக்கு மிஞ்சி இருக்கறது அவரு ஒருத்தருதான்.

— அவர் கொடுத்த மீனைப் பாருங்க. எல்லாத்துக்கும் வியாதியைக் கொடுத்துட்டு அது மட்டும் குண்டுக்கல்லு மாதிரி சுத்திட்டிருக்கு. நீலக் கலர்ல, ஜம்முனு. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது.

— அது மேல கோவப்பட்டு என்ன ஆகுது? அதுக்கு என்ன தெரியும்?

— அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்தான். திட்டு. நல்லாத் திட்டு.

— திட்டி என்ன ஆகப்போகுது? கடைக்குப் போன் பண்ணேன். வியாதி வந்த மீனை எடுக்க மாட்டாங்களாம். இன்டர்நெட்ல கேட்டேன். மீன் எல்லாத்தையும் பிடிச்சு வேற தொட்டியில வச்சு வைத்தியம் பண்ணு, இந்தத் தொட்டியை மீனே இல்லாம காலியாப் போடுன்னு எழுதறாங்க. அவங்களுக்கு வீடு நிறையத் தொட்டி இருக்கும்போல. நமக்கு அடுத்த மாசம் வீடே இருக்குமான்னு தெரியல.

— அண்ணன் இன்னிக்குப் பொழுதோட வர்றேன்னாரு. "நேர்ல பேசிக்கலாம் தம்பி"ன்னாரு. இன்டர்வியூ சேதியாத்தான் இருக்கும். நேர்ல வந்து சொல்றாருன்னா நல்லதாத்தான இருக்கும்?

— இருக்கும்.

— அவரு வர்றப்ப டேங்க் லைட்டை அணைச்சு வெச்சுக்கலாமா? மீனு தூங்குதுன்னு சொல்லிக்கலாம்.

— சாயங்காலத்துலயா?

— இல்ல, பல்பு போயிருச்சுன்னு சொல்லலாம். அவரு கொண்டாந்த மீனால இப்படி ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாரு அம்மிணி. நாளைக்கு மேனேஜர்கிட்ட எனக்காகப் பேசறப்ப அந்தச் சங்கடம் குறுக்க நிக்கும்.

— அணைச்சுக்கோங்க. என்னாலயும் பார்க்க முடியல.

— எழில்.

— ம்.

— அந்தச் செகப்பு மீனு. அசையல.

— தெரியும். அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். இப்பதான் செவுள் நின்னுது.

— நான் எடுத்தர்றேன். நீ உள்ள போ.

— வேணாம். நான் எடுத்துக்கறேன். வலைக்குத்தான் சிக்கல, இப்பவாவது என் கைக்கு வருதேன்னு... போங்க, கதவைத் திறங்க. பெல் அடிக்குது.

— அவருதான். மூஞ்சியைத் தொடச்சுக்க அம்மிணி. வாங்கண்ணா, வாங்க வாங்க! சாந்தி அக்கா வரலீங்களா?

— இல்லீங் தம்பி. அவளுக்கு வீட்ல வேலை கெடக்குது. இந்த பக்கெட்டை எங்க வெக்கறது? கை கழண்டுரும்போல இருக்குது.

— குடுங்கண்ணா. என்ன பக்கெட்டுங்க இது?

— என்ற தொட்டியில மிச்சம் இருந்த மீனெல்லாம் இதுல இருக்குது. அடியில பவளமும் கொஞ்சம் கெடக்குது. எல்லாம் உங்களுக்குத்தானுங்க.

— எங்களுக்கா? அதுக்கென்னங்ண்ணா... நல்லதுங்க. உட்டர்லாம்.

— விடாதீங்க.

— எழில், நீ சும்மா இரு.

— விடாதீங்க மயில்சாமி அண்ணா. அந்த டேங்க்ல வியாதி. உங்க நீல மீனோட சேர்ந்து வந்த வியாதி. எங்க மீன் ஒவ்வொண்ணாப் போயிட்டிருக்கு, இப்ப ஒண்ணு என் கையில இருக்கு. இவர் சொல்ல மாட்டார். சொன்னா வேலை விஷயம் கெட்டுடுமோன்னு பயம். எனக்கும் அதே பயம்தான். ஆனா இந்த பக்கெட்ல இருக்கறதையும் சாகக் கொடுக்க எனக்கு மனசு வரல.

— அண்ணா, அவ பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க. வெசனத்துல பேசறா. மீனு என்னங்க மீனு, போனாப் போகுது. இன்டர்வியூ எப்பன்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கேன்னாலும் வந்தர்றேன்.

— இன்டர்வியூ இல்லீங் தம்பி. எங்க டீமையே மூடிட்டாங்க. எனக்கும் சீட்டைக் கிழிச்சாச்சு. சாந்தி அங்க பொட்டி கட்டிட்டிருக்கா, ஊருக்குக் கெளம்பறோம்.

— என்னங்ண்ணா சொல்றீங்க? எப்ப நடந்துது? நேத்தா?

— நேத்து இல்லீங் தம்பி. அந்த மீனைக் கொண்டுக்கிட்டு வந்தோமே, அதுக்கு முந்தின நாளு. இதைச் சொல்லத்தான் அன்னிக்கு வந்ததே. நீங்க சட்டைக் கையைச் சுருட்டிட்டு அத்தன ஆசையா அதை உள்ள உட்டீங்க பாருங்க, எனக்குச் சொல்ல வாய் வரல.